ஊருக்கு உழைத்தவர் பெயரைப் பொதுக் கட்டடத்துக்கு வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி கரை தாண்டியபோது எங்கள் ஊர் மோட்டார் அறை மூழ்கிப் போனது. நான்கு நாள் குழாயில் தண்ணீர் இல்லை. அந்த நான்கு நாளும் ஊரில் எல்லார் வாயிலும் வந்தது ஒருவர் பெயர்தான். 26 வருஷம் மேல்நிலைத் தொட்டியை இயக்கி, ஓய்வு பெற்று, காலமாகியும் சில வருஷம் ஆகிவிட்ட எங்கள் தொட்டிக்கார அண்ணாச்சி. (இப்போது இருக்கும் ஆபரேட்டர் மேல் குற்றம் சொல்லவில்லை. ஆறே உள்ளே வந்தால் அவர் என்ன செய்வார்?) தண்ணீர் வடிந்த பிறகு, தொட்டிக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் படிப்பகத்துக்கு அண்ணாச்சி பெயரை வைக்கலாம் என்று பேச்சு வந்தது. பேச்சு பலகையாக மாற ஒன்றரை வருஷம் ஆனது.

நான் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் காகித வேலை என் தலையில் விழுந்தது. அதற்கப்புறம் சேரன்மகாதேவி, முக்கூடல், களக்காடு என்று பல பக்கத்திலிருந்தும் ஆட்கள் கேட்கிறார்கள். கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்தக் கட்டடத்துக்குப் பெயர் வைப்பது பொருத்தம்?

அவர் கை பட்ட இடம். தொட்டி இயக்கியவருக்குத் தொட்டி வளாகம், சத்துணவு சமைத்த அம்மாவுக்குப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடம், கிராம சுகாதார செவிலியருக்குத் துணை சுகாதார நிலையத்தின் காத்திருப்புக் கூடம், நூலகருக்கு நூலகம். பல வருஷம் ஒரே தடத்தில் ஓடிய கண்டக்டருக்கு ஊர் முக்கில் இருக்கும் பயணியர் நிழற்குடையை விடப் பொருத்தமானது ஏது?

ஊரிலேயே பெரிய கட்டடம் எதுவோ அதற்குத்தான் வைக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். எங்கள் ஊரிலும் முதலில் சமுதாய நலக்கூடத்துக்கு வைக்கலாம் என்றார்கள். கல்யாண வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அண்ணாச்சி யாரென்று எப்படித் தெரியும்? படிப்பகத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் தொட்டி தெரியும். பேப்பர் படிக்க வரும் பையன் 'யார் இவர்?' என்று கேட்டால் விரலை நீட்டிக் காட்டலாம்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

கட்டடம் யாருடையது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாதிப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஊருக்குள் இருப்பதெல்லாம் பஞ்சாயத்துக்குச் சொந்தம் என்று நினைத்துத் தலைவரிடம் மனு கொடுத்து ஆறு மாதம் நடப்பார்கள். அப்புறம்தான் கட்டடம் வேறு துறையுடையது என்று தெரியவரும்.

மேல்நிலைத் தொட்டி, சமுதாயக் கூடம், ஊராட்சி கட்டிய படிப்பகம், பேருந்து நிழற்குடை இவையெல்லாம் பெரும்பாலும் ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் இருக்கும். நிழற்குடை மட்டும் யார் நிதியில் கட்டினார்கள், எந்தச் சாலையின் ஓரம் என்று பாருங்கள். நெடுஞ்சாலைத் துறை இடமாக இருக்கலாம். பள்ளிக்கூடம் கல்வித் துறையோடு சேர்ந்தது. துணை சுகாதார நிலையம் சுகாதாரத் துறைக்கு, அங்கன்வாடி குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்துக்கு. பொது நூலகத் துறையின் கிளை நூலகம் என்றால் மாவட்ட நூலக அலுவலரைப் பார்க்க வேண்டும். தபால் நிலையம், ரயில் நிலையம் மத்திய அரசு. அந்தப் பக்கம் போனால் நீண்ட பயணம். ரயில் நிலையத்தின் பெயரை மாற்ற மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும், மத்திய உள்துறை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கட்டடம் யாருடையது என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு போடுங்கள். 'இந்தக் கட்டடம் எந்தத் துறையின் சொத்துப் பதிவேட்டில் உள்ளது? இதற்கு ஏற்கெனவே அதிகாரபூர்வப் பெயர் உண்டா?' இந்த இரண்டு கேள்வி போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். யாருக்கும் தெரியாமல் 1980களிலேயே ஒரு தலைவர் பெயர் வைத்து, பலகை துருப்பிடித்து விழுந்த கட்டடங்கள் நிறைய உண்டு. அப்படி இருந்தால் கதை முற்றிலும் வேறு. பெயர் வைப்பது ஒன்று, பெயரை மாற்றுவது வேறு. மாற்றும் வேலையில் தயவுசெய்து இறங்காதீர்கள்.

மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலர் மூலமாக மன்றக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். பேரூராட்சி, நகராட்சிக்கும் மன்றத் தீர்மானம்தான் வழி.

கிராம சபையில் எப்படிக் கொண்டுபோவது?

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் மனு கொடுத்து, பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், கடைசியில் வடையும் டீயும் வரும் நேரத்தில்தான் உங்கள் முறை வரும்.

குறைவெண் வரம்பு, அதாவது கோரம், முக்கியம். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்த கூட்டத்தில் போட்ட தீர்மானத்தை நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாது. அன்றைக்கு உங்கள் ஆட்களைச் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் வரச் சொல்லுங்கள்.

கிராம சபை ஒப்புக்கொண்டது மட்டும் போதாது. ஊராட்சி மன்றக் கூட்டத்திலும் தீர்மானம் வேண்டும். இரண்டின் நகலையும் முத்திரையோடு வாங்கி வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பச் சொல்லுங்கள். எங்களுக்கு அங்கே ஐந்து மாதம் கிடந்தது. மறுத்துக் கடிதம் வரவில்லை, ஒப்புக்கொண்டும் வரவில்லை. கடைசியில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்துக்காகக் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்கு ஆறு பேர் போய் மனு கொடுத்தோம். அதில் மூன்று பேர் பெண்கள். குடத்தோடு போகலாமா என்றுகூட ஒரு அக்கா கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், தண்ணீர்ப் பிரச்சினை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவர் வேலை பார்த்ததற்குக் காகிதம் ஏதும் இல்லை. என்ன செய்வது?

நிரந்தர ஊழியருக்குப் பணிப்பதிவேடு இருக்கும். எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது ஓய்வு பெற்றார் எல்லாம் அதில் கிடைக்கும். ஆனால் இப்படிப் பெயர் வைக்கத் தோன்றுகிற ஆட்களில் பாதிப் பேர் தொகுப்பூதியம், தினக்கூலி. தொட்டி ஆபரேட்டர், தூய்மைப் பணியாளர், பள்ளிக்கூடம் பெருக்கியவர், சுடுகாட்டு வேலை பார்த்தவர். இவர்களுக்கு நியமன ஆணையே இருக்காது. வாய்வார்த்தையில் சேர்த்திருப்பார்கள்.

பழைய செலவுச் சீட்டுகளைத் தேடுங்கள். சம்பளம் கொடுத்தபோது வவுச்சரில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கியிருப்பார்கள். ஊராட்சியின் ரொக்கப் பதிவேட்டில் மாதாமாதம் பெயர் வரும். அண்ணாச்சிக்கு அப்படித்தான் 1991 முதல் 2017 வரை கண்டுபிடித்தோம். நடுவில் இரண்டு வருஷப் பதிவேட்டைக் கரையான் தின்றிருந்தது. அந்த இரண்டு வருஷத்துக்கு முன்னாள் தலைவர் ஒருவரும் பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவரும் எழுதிக் கொடுத்தார்கள். பாட்டி எழுதியது, 'என் இளைய மகன் பிறந்த அன்றைக்கு விடிகாலை தண்ணீர் திறந்துவிட்டவர் இவரே.' அலுவலகத்தில் அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலைதானே? அதற்குப் பெயர் எதற்கு?

கிராம சபையில் இதை யாராவது கேட்பார்கள், பதில் வைத்துக்கொண்டு போங்கள்.

நம் திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் சேர்க்கிற சுலோச்சன முதலியார் பாலத்தைப் பாருங்கள். 1843இல் திறந்தது, பதினொரு வளைவு. சுலோச்சன முதலியார் மன்னரும் இல்லை, ஜமீன்தாரும் இல்லை. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தார், அதாவது எழுத்தர்களுக்குத் தலைமை. அரசு உத்தியோகஸ்தர் பெயரில் பாலம் இருப்பது நமக்குப் புதிதில்லை. தேனியில் பேருந்து நிலையத்துக்கு ஜான் பென்னிகுவிக் பெயர் இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய அவரும் சம்பளம் வாங்கிய என்ஜினியர்தான்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சுலோச்சன முதலியார் பெயர் பாலத்தில் நின்றது அவர் கைப்பணத்தைப் போட்டதால். சிரஸ்தாராக எப்படிப்பட்ட வேலை பார்த்தார் என்று இன்று ஊரில் யாருக்கும் தெரியாது. கொடுத்தவர் பெயர் நிற்பது நம் ஊரில் பழைய வழக்கம். கோயிலில் டியூப்லைட் போட்டால்கூட உபயம் என்று எழுதிவிடுகிறோம், வெளிச்சம் பாதி எழுத்திலேயே போய்விடும். செய்தவர் பெயர் நிற்பதுதான் அபூர்வம்.

அதற்கும் பாளையங்கோட்டையிலேயே உதாரணம் உண்டு. காது கேளாத பிள்ளைகளுக்காக 1890களில் பள்ளி தொடங்கி நடத்திய ஃபிளாரன்ஸ் சுவைன்சன் பெயரில்தான் அந்தப் பள்ளி இன்றும் இருக்கிறது. அவர் அங்கே பிள்ளைகளோடு உட்கார்ந்து வேலை செய்தவர்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்பவரிடம் எங்கள் ஊரில் ஒரு பெரியவர் சொன்ன பதில் இது: 'அண்ணாச்சிக்குச் சம்பளம் கொடுத்தது தண்ணி திறக்க. மாதம் ரெண்டு தடவை தொட்டிக்குள்ள இறங்கிச் சுண்ணாம்பு மாதிரிப் படிஞ்சதை எல்லாம் கையாலே தேய்ச்சு எடுத்தாரே, கடைசித் தெருவுல போய்க் குழாயைத் திறந்து பிளீச்சிங் வாசம் வருதான்னு மோந்து பார்த்தாரே, அதுக்கு எந்தத் தலைவர் காசு கொடுத்தாரு?' கேள்வி கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. அண்ணாச்சிக்கு அந்த எண் தெரியுமோ தெரியாதோ, மூக்குக்குத் தெரிந்திருந்தது.

சாதிப் பிரச்சினை வருமா?

வரலாம். நம் சீமையில் இருந்துகொண்டு வராது என்று சொல்வது பொய்.

1997இல் என்ன நடந்தது என்று நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன்பு இது நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் மாவட்டம். நம் பேருந்தில் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்று எழுதியிருக்கும். புதிதாக ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததை ஒட்டித் தென் மாவட்டங்களில் மோதல் வெடித்தது. முடிவில் மாவட்டங்களிலும் போக்குவரத்துக் கழகங்களிலும் இருந்த தலைவர்கள் பெயர் அத்தனையையும் அரசு எடுத்துவிட்டது. நாட்டுக்காக உயிரை விட்டவர்கள் பெயருக்கே இந்தக் கதி. நம் தொட்டிக்காரர் பெயர் எம்மாத்திரம் என்று அதிகாரிகள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் மேல் கோபப்படாதீர்கள்.

என்ன செய்யலாம்? பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டவே வேண்டாம். தெருக்கள், சாலைகள், நீர்நிலைகளின் பெயரிலிருந்து சாதியை எடுக்கச் சொல்லி 2025 அக்டோபரில் தமிழக அரசு ஆணையே போட்டது. அந்தக் காலத்தில் வைத்த பாலத்தின் பெயரைக் காட்டி 'அதில் இருக்கிறதே' என்று வாதாடாதீர்கள். அது அந்தக் காலம்.

இரண்டாவது, மனுவில் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஒரே தெருக்காரர்களாக இருக்கக்கூடாது. அண்ணாச்சி பெயருக்கு முதல் கையெழுத்து வாங்கப் போனது அவருடைய தெருவுக்கு அல்ல, ஊரின் அடுத்த கோடிக்கு. 'எங்க தெருவுக்குத் தண்ணி ஏறாதுன்னு மத்தவங்க சொன்னப்ப அவர்தானே வால்வை மாத்தி விட்டாரு' என்று சொல்லி அவர்களே பேனாவை வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து கையெழுத்து வராது என்று உங்களுக்குத் தோன்றினால், இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். அவர் உண்மையில் எல்லாருக்கும் உழைத்தவர்தானா, நம் ஆள் என்பதால் நமக்கு அப்படித் தெரிகிறதா என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, படம். பலகையில் போட்டோ வைத்தால் அதற்கு மாலை போடுவார்கள், மாலை போட்டால் கொடி வரும், கொடியின் நிறத்தைப் பார்த்து அடுத்த தெருவில் இன்னொரு பலகை வரும். வெறும் எழுத்து போதும்.

சிலை வைக்கலாமா?

கூடாது. பொதுச் சாலையிலும் மக்கள் பயன்படுத்தும் இடங்களிலும் சிலை வைக்க அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் மாவட்டத்திலேயே வள்ளியூர் காய்கறிச் சந்தை முகப்பில் முன்னாள் முதல்வர் ஒருவருக்குச் சிலை வைக்க அரசு கேட்டு, 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வரை போயும் கிடைக்கவில்லை. அரசாங்கத்துக்கே இல்லை.

உயிரோடு இருப்பவர் பெயரை வைக்கலாமா?

அலுவலகத்தில் தயங்குவார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. நாளைக்கு அவர் தேர்தலில் நின்றுவிட்டால்? ஆனாலும் எனக்கு இந்த விஷயத்தில் மனவருத்தம் உண்டு. அண்ணாச்சி ஓய்வு பெற்ற அன்று நாங்கள் கொடுத்தது ஒரு சால்வை, ஒரு தேங்காய்ப்பூத் துண்டு, ஒரு சில்வர் குடம். குடத்தைக் கையில் வாங்கிக்கொண்டு 'இதையும் நான்தான் நிரப்பணுமா?' என்று சிரித்தார். அவர் இருக்கும்போதே அந்தத் தொட்டியில் அவர் வேலை பார்த்த வருஷங்களைப் பெயிண்டில் எழுதியிருக்கலாம். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. தொட்டி கழுவிய தேதியைத் தொட்டியில் எழுதுகிறோம், கழுவியவரை எழுதினால் என்ன?

குடும்பத்தாரிடம் கேட்க வேண்டுமா?

முதலில் கேட்க வேண்டியது அவர்களிடம்தான். எழுத்தில் வாங்குங்கள்.

சில வீடுகளில் வேண்டாம் என்பார்கள். சும்மா விட்டுவிடாமல் ஏன் என்று கேளுங்கள். ஓய்வூதியம் இழுபறியில் இருக்கும், பணிக்கொடை வந்திருக்காது. 'உயிரோட இருக்கும்போது சம்பளத்தை மூணு மாதம் நிறுத்தி வைச்சாங்க, இப்ப பெயர் எதுக்கு?' என்று ஒரு ஊரில் மகள் கேட்டதாகச் சொன்னார்கள். அங்கே பலகை வேலையை நிறுத்திவிட்டு, நிலுவைத் தொகைக்கு மனு எழுதிக் கொடுத்தார்கள். அதுதான் சரி.

பெயரை எப்படி எழுதுவது? ஊரில் அவரைப் பட்டப்பெயரில்தானே தெரியும்?

இரண்டையும் எழுதுங்கள். சுகாதார செவிலியரை இருபது வருஷமும் 'நர்ஸம்மா' என்றே கூப்பிட்டிருப்போம். பலகையில் இன்ஷியலோடு ஒரு பெயரைப் பார்த்தால், அவர் கையால் தடுப்பூசி போட்டுக்கொண்ட பிள்ளைக்கே யாரென்று புரியாது. கேலிப் பெயராக இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

அப்புறம் நீளம். வாயில் நுழையாத பெயர் பலகையோடு நின்றுவிடும். திருநெல்வேலி ஜங்ஷனில் உள்ள பாலத்தின் பெயர் திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலம். நாம் சொல்வது ஈரடுக்குப் பாலம், திருவள்ளுவருக்கே இடம் இல்லை. மணியாச்சி ரயில் நிலையத்தின் பெயர் வாஞ்சி மணியாச்சி, டிக்கெட் கேட்கும்போது மணியாச்சி. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று யாராவது ஆட்டோக்காரரிடம் சொல்வார்களா? ஹைகிரவுண்ட் என்றால் கொண்டுபோய் விடுவார். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தை மட்டும் எல்லாரும் அந்தப் பெயரிலேயே சொல்கிறோம். மூன்றெழுத்து, அவ்வளவுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே 'அமரர் உயர்திரு இன்னார் நினைவுப் பொது வாசிப்பு மற்றும் அறிவு வளர்ச்சி மையம்' வேண்டாம். பெயர், அடுத்து 'படிப்பகம்'. முடிந்தது.

கல்வெட்டில் என்ன எழுத வேண்டும்?

பெரும்பாலான கல்வெட்டு எப்படி இருக்கும் தெரியுமா? திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர், வார்டு உறுப்பினர்கள், ஒப்பந்ததாரர் என்று பன்னிரண்டு வரி. யாருடைய நினைவாகக் கட்டினார்களோ அவர் பெயர் ஒரு வரி. எனக்குத் தெரிந்து ஒரு ஊரில் அந்த ஒரு வரியையே மறந்துவிட்டார்கள். பிறகு பெயிண்டில் எழுதிச் சேர்த்தார்கள், இரண்டு மழையில் போய்விட்டது.

திறப்பு விழாக் கல்வெட்டை அவர்கள் இஷ்டத்துக்கு விட்டுவிட்டு, நினைவுக் கல் தனியாக வைத்துவிடுங்கள். சண்டை மிச்சம். அதில் 'தன்னலமற்ற சேவை', 'மக்கள் மனதில் வாழும் தெய்வம்' எல்லாம் வேண்டாம். அந்த வார்த்தைகள் எந்தக் கல்லிலும் பொருந்தும், யாருடைய கல்லிலும் பொருந்தும். அவர் செய்த வேலையை எழுதுங்கள். எங்கள் கல்லில், பெயருக்குக் கீழே இருப்பது இவ்வளவுதான்:

'தொட்டிக்கார அண்ணாச்சி. 1991 முதல் 2017 வரை இந்த ஊர் மேல்நிலைத் தொட்டியை இயக்கியவர். காலை ஐந்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் வால்வு திறந்தவர். 1992 வெள்ளத்தில் பழுதான மோட்டாரைத் தலைச்சுமையாகக் கரையேற்றியவர். கடைசித் தெருக் குழாயைத் தினமும் திறந்து பார்த்தவர்.'

'தலைச்சுமையாக' என்ற சொல்லை எடுக்கச் சொன்னார்கள், கௌரவக் குறைவாம். மோட்டாரைத் தூக்கிய நான்கு பேரில் ஒருவர் இன்னும் இருக்கிறார். அவர் 'தலையிலதான் வச்சோம்' என்றார். அப்படியே விட்டோம்.

செலவு எவ்வளவு ஆகும், யார் கொடுப்பது?

கல்லும் எழுத்தும் பெரிய செலவு இல்லை. ஒரே ஆள் முழுப் பணத்தையும் தருகிறேன் என்று வந்தால் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். நாளைக்கு 'உபயம்' என்று அவர் பெயரும் கல்லில் ஏறும். நாங்கள் வீட்டுக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் வாங்கவில்லை. ரசீது போட்டோம், மிச்சத்துக்குப் படிப்பகத்தில் மின்விசிறி மாட்டினோம்.

கட்டடத்தையே புதிதாகக் கட்ட வேண்டும் என்றால் நமக்கு நாமே திட்டத்தைப் பாருங்கள். குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் பணம் இருந்தால் மீதியை அரசு போடும்.

விழா எப்போது வைக்கலாம்?

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நடத்தை விதி வரும், திறப்பு விழா நடத்த முடியாது. மூடிய துணியோடு கல் மாதக்கணக்கில் நிற்கும். காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். யார் திறப்பது என்ற கேள்விக்கு எங்கள் பதில்: அண்ணாச்சிக்குப் பிறகு வந்த ஆபரேட்டர். முக்கியஸ்தர்கள் பேசினார்கள், துணியை இழுத்தது அவர். அன்றைக்கும் மாலை நான்கு மணி ஆனதும் வால்வு திறக்க வேண்டும் என்று கூட்டத்தின் நடுவே எழுந்து போய்விட்டார்.

அனுமதி மறுத்துவிட்டார்கள். வேறு வழி உண்டா?

உண்டு. கிளை நூலகத்தில் அவர் பெயரில் ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலர் ஆக்கலாம், பெயர் அங்கே பலகையில் வரும். அரசுப் பள்ளியில் தலைமையாசிரியரிடம் பேசி, அவர் பெயரில் ஆண்டுதோறும் ஒரு பரிசு வைக்கலாம். படிப்பில் முதல் மதிப்பெண்ணுக்கு ஏற்கெனவே நிறைய பரிசு இருக்கிறது, ஒருநாளும் விடுப்பு எடுக்காத பிள்ளைக்குக் கொடுங்கள். வேப்பங்கன்று வைத்துப் பெயர் சொல்லலாம். ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

பிற்காலத்தில் கட்டடத்தை இடித்துவிட்டால் பெயர் என்ன ஆகும்?

இதை யாரும் கேட்பதில்லை, நானாகச் சேர்க்கிறேன். 2019இல் ஜல் ஜீவன் திட்டம் வந்த பிறகு ஊர் ஊருக்குப் புதுத் தொட்டி எழும்பியது, பழைய தொட்டிகள் பல இடிந்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் பழைய தொட்டியின் காலில் பதித்திருந்த நினைவுக் கல் அதோடு போனது. எனக்குத் தெரிந்தவர் ஒருவர் அதைப் படித்துறையில் பார்த்தார். எழுத்துப் பக்கம் மேலே, துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

தீர்மானம் எழுதும்போதே கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: 'இக்கட்டடம் அகற்றப்பட்டு அதே பயன்பாட்டுக்குப் புதிய கட்டடம் கட்டப்படும்போது இதே பெயரும் இதே கல்லும் அதில் இடம்பெறும்.' சொத்துப் பதிவேட்டில் குறிப்புக் கலத்திலும் சிவப்பு மையில் எழுத வைத்து, அந்தப் பக்கத்தின் நகலை ஒன்று குடும்பத்தாரிடமும் ஒன்று படிப்பகத்திலும் வையுங்கள். எங்களுடையது பேப்பர் கிளிப்போடு படிப்பகத்து அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து பார்த்து அப்படியே எழுதிக்கொள்ளலாம். மாலை நான்கு மணிக்குத் திறந்திருக்கும்.